மற்றும் குழுவினர்

என்னிடம் இருக்கும் இசைத்தட்டுகளில் பதினேழில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தட்டின் நடுவில் இருக்கும் வட்ட லேபிளில்தான் பாட்டின் பெயர், பாடியவர் பெயர், வெளியிட்ட கம்பெனி எல்லாம் இருக்கும். அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கரை வட்டமாக வெட்டி ஒட்டிவிடுவேன். பார்க்கிறவர்களுக்குக் கறுப்புத் தட்டும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும்தான் தெரியும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. பழைய டிஸ்கோவும் ஃபங்க்கும் தேடிப்பிடித்து ஆட்டத்துக்குப் போடுகிற டிஜேக்களிடம் காலங்காலமாக இருக்கும் வழக்கம். ஒரு தட்டுக்காக வருஷக்கணக்கில் அலைகிறோம். அதைப் போட்ட அன்றே ஒருவன் கைப்பேசியை நீட்டி லேபிளைப் படம் பிடித்துக்கொண்டுபோய், மறுவாரம் தன் இடத்தில் அதையே போட்டு நல்ல பேர் வாங்கினால் வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரியும். அதனால் மறைத்து வைப்பேன். யாராவது பாட்டின் பெயரைக் கேட்டால் வாய்க்கு வந்த ஒரு பொய்ப் பெயரைச் சொல்லி அனுப்புவேன். இதெல்லாம் தப்பென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மற்றவர்கள் கறுப்பு டேப்போ வெறும் காகிதமோ ஒட்டுவார்கள். என்னுடையது கொஞ்சம் விசேஷம். நான் சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெட்டிகளுக்கு நாங்கள் ஒட்டும் ஸ்டிக்கர் மழையில் நனைந்தாலும், வெயிலில் காய்ந்தாலும், நாலு நாட்டு ஆட்கள் தூக்கிப் போட்டாலும் உரியாது. சுருள் தீரும்போது மிஞ்சும் துண்டுகளைக் குப்பையில் போடுவார்கள். அதைத்தான் எடுத்து வருவேன். ஒட்டினால் ஒட்டியதுதான்.

நாற்பது வயதுவரை எனக்கும் இந்தக் கூத்துக்கும் சம்பந்தம் கிடையாது. கூட வேலை பார்க்கும் ஒருத்தி பிறந்தநாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த ஆட்டத்துக்கு இழுத்துப்போனாள். எனக்கு ஆடவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. கையில் எலுமிச்சை ஜூஸோடு சுவரோரம் நின்றிருந்தேன். அமெரிக்க டிஸ்கோவும் ஆப்பிரிக்கப் பாட்டும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு தமிழ்ப் பாட்டு வந்தது. சினிமாப் பாட்டு இல்லை. பேஸ் கிட்டாரின் ஓசை தரை வழியாகக் காலில் ஏறியது. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் எங்கள் மொழிக்கு ஆடுவதைப் பார்த்ததும் ஜூஸைக் கீழே வைத்துவிட்டேன். ஓடிப்போய் டிஜேயிடம் இது என்ன பாட்டு என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக் காட்டினான். லேபிளின்மேல் கறுப்பு டேப்.

"சீக்ரெட் லா, ஸாரி."

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காதா என்று மறுவாரமே தேட ஆரம்பித்தேன். பழைய சாமான் சந்தைகள், வீடு காலி செய்கிறவர்கள், ஜொகூரில் ஒரு கடை என்று அலைந்ததில் எட்டு வருஷத்தில் வீட்டில் ஒரு சுவர் நிறையத் தட்டுகள் சேர்ந்துவிட்டன. என் கணவர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அலமாரி செய்து கொடுத்தார். அவன் காட்ட மறுத்த அந்தப் பாட்டு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவன்மேல் உள்ள கோபமும் குறையவில்லை.

இப்போது நானே ஆட்டம் நடத்துகிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சாப்பாட்டுக் கடைக்கு மேலே உள்ள பலகைத் தரை அறை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, மத்தியானம் மூன்றிலிருந்து ஏழு வரை. அந்த நேரத்தில் கீழே வெளியூர்த் தொழிலாளிகளால் தெரு நிறைந்திருக்கும். மேலே நாங்கள் ஆடிக்கொண்டிருப்போம். படியேறி வரும் புதியவர்கள் என்னைப் பார்த்து, மகளை அழைத்துப் போக வந்த அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஹெட்போனை மாட்டியதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பாய் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் இசைத்தட்டும் பிறகு கேசட்டும் விற்றவர், இப்போது பெட்டியும் பயணப் பையும் விற்கிறார். ஆறு மாதம் போகவர விசாரித்ததில் ஒருநாள் அவருக்கே அலுத்துப்போனது.

"மேல ஸ்டோர்ல குப்பை மாதிரி கெடக்கும்மா. ஏறிப் பாரு. வேணுங்கிறதை எடுத்துக்கோ, எனக்கு எடமாச்சும் மிச்சமாகும்."

ஏறிப் பார்த்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். சினிமாப் பாட்டு, மேடைப் பேச்சு, நகைச்சுவை நாடகம் எல்லாம் தள்ளிவிட்டுப் போனதில் அடியில் உறையில்லாமல் ஒரு சின்னத் தட்டு கிடந்தது. மஞ்சள் லேபிள். சிங்கப்பூரில் பதிவானது என்று போட்டிருந்தது. பாட்டின் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில் குழுத் தலைவர் ஒருவரின் பெயர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'மற்றும் குழுவினர்'. வேறு ஒரு பெயரும் இல்லை. அந்தக் காலத்தில் கல்யாண வீட்டிலும் கலை நிகழ்ச்சியிலும் வாசித்த உள்ளூர்க் குழுக்களில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் போட்டுக் கேட்டபோது அடுப்பில் சாம்பார் பொங்கியதுகூடத் தெரியவில்லை. முதலில் பேஸ் கிட்டார் மட்டும் நாலு சுற்று தனியாக நடந்துவருகிறது. டிரம்ஸ் சேர்கிறது. ஆர்கன் அங்கங்கே புகுந்து கிள்ளிவிட்டு ஓடுகிறது. பிறகு ஒரு பெண் பாடுகிறாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது, ஆனால் குரலில் கூச்சம் என்பதே இல்லை. இரண்டாம் சரணத்தில் ஒரு வரியின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அடக்கிக்கொண்டு வரியை முடிக்கிறாள். அதன் பிறகு எல்லாம் நின்று டிரம்ஸும் பேஸும் மட்டும் ஓடுகிற இடம் வருகிறது. ஆடுகிறவர்கள் காத்துக்கிடப்பது அந்த இடத்துக்குத்தான். நான் சமையலறையில் தனியாக ஆடினேன்.

மறுநாளே ஸ்டிக்கர் ஒட்டினேன். பாடிய பெண் யார் என்று ஒருநாள்கூட நான் விசாரித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். தட்டு என் கையில் இருந்தது, வேறு யார் கையிலும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருஷமாக எங்கள் ஆட்டத்தின் செல்லப் பாட்டு அதுதான். ஐந்தரை மணிவாக்கில் போடுவேன். பேர் கேட்டவர்களுக்கு 'சாங்கி பஸ்' என்று சொல்லிவைத்தேன். நான் வேலைக்குப் போகிற பேருந்தைத் தவிர அன்றைக்கு வேறொன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. இணையத்தில் சிலர் 'சாங்கி பஸ்' என்ற அபூர்வப் பாடலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். படித்துவிட்டு நானும் கணவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, வெளியே நல்ல மழை. அந்தப் பாட்டு முடிந்து அடுத்ததைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மேசைக்கு முன்னால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா நின்றிருந்தார். பேன்ட், பூப்போட்ட சட்டை, தோளில் கைப்பை. இன்னொரு கையில் தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறிப் பை, அதிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியவர் என்றுதான் நினைத்தேன்.

"இப்பப் போட்டியே, அந்தப் பாட்டு. அது நான் பாடினதும்மா."

சத்தத்தில் காதில் விழாத மாதிரி சிரித்தேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். முன்பு அவரோடு வேலை பார்த்த தோழி ஒருவர் யாரோ எடுத்த ஆட்ட வீடியோவை அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்து, இடத்தை விசாரித்து, புக்கிட் மேராவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் என்னோடு ஆட்டம் நடத்தும் கூட்டாளியைத் தட்டுப் போடச் சொல்லிவிட்டு அவரைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போனேன். உள்ளுக்குள் நம்பவில்லை.

"நடுவுல ஒரு சிரிப்பு வரும் கேட்டியா? டிரம்ஸ்காரர் கையிலேர்ந்து குச்சி நழுவிடுச்சு. அந்தக் குச்சி உருண்டு என் காலுக்கிட்ட வந்து நிக்குது. அவரு ஒத்தக் கையாலேயே வாசிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. திரும்பப் பாடறேன்னு சொன்னேன், ஸ்டுடியோவுல நேரம் முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க."

சிரிப்பு வரும் இடத்துக்குச் சற்று முன்னால் டிரம்ஸில் ஒரு அடி குறைவது எனக்குத் தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறேன், அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அந்தப் படியில் நின்றுகொண்டே அவர் அந்த வரியை மெல்லப் பாடிக் காட்டினார். குரல் தடித்திருந்தது, ஆனால் அதே கூச்சமில்லாத குரல்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு தட்டுகூட இல்லம்மா. பதிவு முடிஞ்ச மாசமே கல்யாணம், ஈப்போவுக்குப் போயிட்டேன். தட்டு வந்துருச்சு, உன் பேர் பெருசா போட்டிருக்குன்னு குழுத் தலைவர் போன்ல சொன்னாரு. நான் திரும்பி வர்றதுக்குள்ள அவர் காலமாயிட்டாரு. அதைக் கொஞ்சம் காட்டும்மா. என் பேரைப் பார்க்கணும்."

தான் தட்டில் பாடியிருப்பதை இதுவரை யாரும் நம்பியதில்லை என்றார். கல்யாணமான புதிதில் சொன்னபோது மாமியார் வீட்டில் சிரித்தார்களாம். கணவர் இருந்தவரை 'சரி சரி' என்பாராம். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார். இப்போது வீடியோ வந்ததும் மகனிடம் ஓடிப்போய்க் காட்டியிருக்கிறார். மகன் காப்புறுதி நிறுவனத்தில் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறவர், எதையும் எழுத்தில் காட்டச் சொல்கிற ஆள். 'அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தாம்மா பாடியிருப்பாங்க. பேர் எங்கயாச்சும் போட்டிருக்கா?' என்று கேட்டிருக்கிறார்.

"பொய் சொல்றேன்னு அவன் சொல்லல. வயசாயிட்டதால ஏதோ கற்பனை பண்றேன்னு நெனைக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கல" என்றார்.

லேபிளில் அவர் பெயர் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். மஞ்சள் லேபிளும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கண்முன்னால் நின்றன. அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய தட்டை உள்ளேயிருந்து எடுத்து வந்து அவரிடம் காட்டி நான் சொன்னது இதுதான்.

"இதை இப்ப உரிச்சா லேபிள் கிழிஞ்சிடும் அக்கா. இது கார்கோ ஸ்டிக்கர். பொறுமையா செய்யணும். வர்ற சனிக்கிழமை வீட்டுக்கே எடுத்துட்டு வர்றேன்."

அவர் அந்த வெள்ளை வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். எதற்காக இப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று என்றேன். "நான்கூடவா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

 அந்த வாரம் போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எடுத்து வைத்தேன். உரிக்கும்போது வேண்டுமென்றே கிழித்துவிட்டு, பசை கெடுத்துவிட்டது என்று பழியைப் பசைமேல் போடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் இன்னொரு யோசனை வந்தது. காலமெல்லாம் லேபிள் அச்சடிக்கிற வேலை பார்க்கிறவள் நான். மஞ்சள் காகிதத்தில், வட்டமாக, குழுத் தலைவர் பெயரும் கீழே 'பாடியவர்' என்று அக்காவின் பெயரும் வைத்து ஒன்று அடித்தால் யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை மாலை வீட்டு அச்சுப்பொறியில் அடித்தேன். வெட்டி மேசையில் வைத்தால் பார்க்க அசல் மாதிரியே இருந்தது.

கணவர் எடுத்துப் பார்த்தார். "முதல்ல ஒண்ணை ஒட்டி மறைச்ச. இப்ப இன்னொண்ணை ஒட்டி மறைக்கப் போற. உனக்கு ஒட்டறதைத் தவிர வேற எதுவும் தெரியாதா?" என்றார்.

நன்றாகச் சண்டை போட்டேன். ஒரு வயதானவருக்கு ஒரு சந்தோஷம் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று கத்தினேன். அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார். மறுநாள் பஸ்ஸில் போகும்போது அதைப் பையிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தேன். எழுத்தின் வடிவம் இந்தக் காலத்துக் கணினி எழுத்து. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அச்சு இப்படி இருக்காது. வேறு ஒருத்தி இதைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் நானே இரண்டு நொடியில் போலி என்று சொல்லியிருப்பேன். மனச்சாட்சி உறுத்தியதால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எழுத்துரு சரியில்லாததால் விட்டேன் என்பதுதான் உண்மை.

புக்கிட் மேராவில் அரசு கட்டிய பழைய வீவக அடுக்குமாடி புளோக், ஒன்பதாம் மாடி. "வாம்மா, பசியாறிட்டியா?" என்று கதவைத் திறந்தார். மேசையில் தோசையும் சட்னியும் இருந்தன. மகனுக்கு நாற்பது வயதிருக்கும், மரியாதையாக எழுந்து வணக்கம் சொன்னார். ஆனால் உட்காரவில்லை. சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அம்மாவின் ஆசைக்காகச் சகித்துக்கொள்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா வீட்டிலேயே பாட்டைக் கேட்க ஆசைப்படுவார் என்று பெட்டி மாதிரி மடிக்கிற சின்ன ரெக்கார்ட் பிளேயரையும் கொண்டுபோயிருந்தேன். அவருக்கு அது இரண்டாம் பட்சம்.

"முதல்ல அதை உரி" என்றார்.

சூடு காட்டினால் பசை இளகும். மருமகளின் முடி உலர்த்தியை எடுத்து வந்தார். நான் தட்டில் பாட்டு பதிந்த பகுதி சூடாகாதபடி நடுவில் மட்டும் காற்றைக் காட்டக் காட்ட, அவர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். கால் மணி நேரம் ஆனது. மேல் பாதி வரும்போது மஞ்சள் காகிதமும் ஸ்டிக்கரோடு கிழிந்து வந்தது. பாட்டின் பெயர் போனது, குழுத் தலைவரின் பெயர் பாதி போனது. கீழ்ப் பாதி சுத்தமாக வந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"மற்றும் குழுவினர்" என்று வாய்விட்டுப் படித்தார்.

தட்டைத் திருப்பி, பின்பக்கத்து ஸ்டிக்கரையும் அதே மாதிரி சூடு காட்ட வைத்து உரித்துப் பார்த்தார். அங்கே வேறொரு பாட்டு, கீழே அதே தலைவர் பெயர், அதே 'மற்றும் குழுவினர்'. பிறகு முதலில் உரித்த ஸ்டிக்கரைத் திருப்பி, ஒட்டிக்கொண்டு வந்த மஞ்சள் துணுக்குகளில் தேடினார். மகன் வாசலிலிருந்து வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"சரி, விடுங்கம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றேன். "ஒட்டறதுக்கு முன்னாடியே படிச்சிருக்கேன். போன வாரம் நீங்க கேட்டப்பவே தெரியும். சொல்ல தைரியம் வரல."

"தெரிஞ்சுக்கிட்டேதான் ஒரு வாரம் இழுத்தியா?"

"ஆமா."

"நான் ஒரு வாரமா இவன்கிட்ட வர்றா பாரு, வர்றா பாருன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து அந்தப் போலி லேபிளை எடுத்து மேசையில் வைத்தேன். இதைத்தான் ஒட்டிக்கொண்டுவர நினைத்தேன் என்று சொன்னேன். மகன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் வேலையில் எத்தனை போலிக் காகிதம் பார்த்திருப்பார். அதை அம்மாவின் முன்னால் வைத்தார். நான் வெட்கத்தில் தோசைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தன் பெயரை விரலால் தடவினார்.

"அழகா அடிச்சிருக்கே. சரி, மத்தவங்க எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"தலைவர் பேர் இருக்கு, என் பேர் இருக்கு. டிரம்ஸ்காரர் எங்க? அவர்கிட்டயும் உன் பேர் போட்டிருக்குன்னுதானே சொல்லியிருப்பாங்க? பேஸ் வாசிச்சவரு? அந்தப் பாட்டே அவரோடதுதானே. நான் நடுவுல வந்து பாடினேன், அவ்வளவுதான். பேனா இருக்கா? எழுது."

போலி லேபிளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதினேன். டிரம்ஸ் வாசித்தவரின் பெயரைச் சொன்னார், அவர் அப்பா பெயரோடு. பேஸ் கிட்டார் வாசித்தவர் ஒரு முஸ்லிம் அண்ணன், பகலில் தபால்காரர். லீட் கிட்டார் வாசித்தவர் சீனர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் பாட்டு முழுக்க வாயசைப்பாராம். பெயரைச் சொல்லிவிட்டு அதை எப்படி எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "அப்புறம் ஆர்கன்" என்றார்.

பேனாவோடு காத்திருந்தேன்.

"ஆர்கன் வாசிச்சவரு..." என்று கண்ணை மூடினார். "எனக்கு இடது பக்கம் நிப்பாரு. ஒல்லியா இருப்பாரு. எனக்குத் தொண்டை கட்டினா ஃபிளாஸ்க்ல சுக்குத் தண்ணி கொண்டாந்து தருவாரு. என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. நான் அண்ணேம்பேன். அவரு பேரு..."

பெயர் வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக ஆரம்பித்துப் பார்த்தார். எழுந்து சன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றவருக்குச் சட்டென்று கண்ணீர் கொட்டியது. தன் பெயர் இல்லை என்று படித்தபோது வராத கண்ணீர்.

"என் பேரைப் போடலைன்னு இத்தனை வருஷம் கழிச்சு இங்க உக்காந்து பார்க்கிறேன். அந்த மனுசன் பேர் எனக்கே மறந்துபோச்சே. நான் மட்டும் என்ன ஒழுங்கு?"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. மகன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்ததிலிருந்து கட்டியிருந்த கையை அப்போதுதான் அவிழ்த்தார். நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அழாதீங்கம்மா. மெதுவா யோசிங்க. எங்க வேலை பார்த்தாரு?"

"துறைமுகத்துல."

"வீடு?"

"தஞ்சோங் பகார் பக்கம். ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி."

"கல்யாணம் ஆனவரா? பிள்ளைங்க இருந்தாங்களா?"

"ஒரு பொண்ணு. ஒத்திகைக்குத் தூக்கிட்டு வருவாரு. என் மடியிலதான் தூங்கும்."

அவர் கேட்கக் கேட்க அம்மா பதில் சொல்லிக்கொண்டே போனார். பெயர் மட்டும் வரவில்லை. "அவர் வாசிக்கிறதைக் கேட்டா வந்தாலும் வரும்" என்று என்னைப் பார்த்தார். தட்டைப் பிளேயரில் வைத்தேன். சூட்டில் கெட்டுப்போயிருக்குமோ என்று எனக்குப் பயம், ஆனால் பேஸ் கிட்டார் எப்போதும்போல் நடந்துவந்தது. பாதி லேபிளோடு தட்டு சுற்றியது. ஆர்கன் வருகிற இடத்தில் அக்காவின் விரல்கள் மேசையில் அசைந்தன. இரண்டாம் சரணம் வந்தது, அந்தச் சிரிப்பும் வந்தது. இங்கே மேசையருகில் அழுகையோடு உட்கார்ந்திருந்தவருக்கும் அதே இடத்தில் சிரிப்பு வந்தது, அதே மாதிரி அடக்கிக்கொண்டார். மகன் அதைப் பார்த்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. அக்கா உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். நான் தட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"எடுக்காதீங்க அக்கா" என்றார் மகன். "இன்னொரு தடவை போடுங்க. எங்கம்மாவுக்கு அவங்க கூட வாசிச்சவர் பேர் ஞாபகம் வரணும்."